மஞ்சள் பட்டாலும் கரையாத பிரிண்டர்

வீட்டுக்கு ஒரு பிரிண்டர் வாங்க வேண்டும் என்று நான் வாயைத் திறந்ததும் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். என் வீட்டுக்காரர் சொன்னார். பக்கத்து வீட்டு வாத்தியார் சொன்னார். கேபிள் பணம் வாங்க வந்தவன்கூட வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனான். நீ அதில் என்ன அடிக்கப் போகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். தாலுகா ஆபீஸ் மனு, பயோடேட்டா, ஜாதகம் எல்லாம் அங்கேதான் வரும். கடை முதலாளி ஸ்கிரீனைப் பார்க்கிற சாக்கில் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று தோளுக்கு மேல் மூச்சு விடுவான். ஆட்கள் முன்னாலேயே "ஏ, சீக்கிரம் அடி" என்பான். ஒரு நாள் கீபோர்டைத் தள்ளிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். திரும்ப அந்தக் கடைப் படியை மிதிக்கக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. பெரிய கனவெல்லாம் எனக்குக் கிடையாது.

வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. காஞ்சிபுரத்தில் பார்ட்ஸ் வாங்கிச் சேர்த்தது. தமிழ் எழுத்தும் ஜாதகம் கணிக்கிற சாஃப்ட்வேரும் போட்டு வைத்திருந்தேன். ஊரில் நல்ல கூட்டம் வருகிற ஜோசியர் ஒருவர் இருந்தார். கடையில் நான் அடித்த ஜாதகங்களைப் பார்த்தவர். நான் வேலையை விட்டதைக் கேள்விப்பட்டுக் கூப்பிட்டு அனுப்பினார்.

"வீட்லயே அடிச்சுத் தருவியாம்மா? சுத்தமா இருந்தா மொத்த வேலையும் உனக்குத்தான்" என்றார்.

அந்த வேலை கிடைத்தால் பிழைத்துக்கொள்வேன். கிடைக்காவிட்டால் மறுபடியும் அந்தக் கடைக்காரன் முன்னால் போய் நிற்க வேண்டும். டைப் அடிக்கிற பெண்ணுக்கு எங்கள் ஊரில் வேறு போக்கிடம் இல்லை. ஆகவே பிரிண்டர்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். கரண்டில் ஓடுகிற எதை வாங்கினாலும் என் நாத்தனாரின் வீட்டுக்காரரைத்தான் கேட்பார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். வீட்டு மாப்பிள்ளை. டி.வி., மிக்ஸி, மோட்டார் எல்லாம் அவர் பார்த்து வாங்கியது. அவர் பார்த்து வாங்கிய மிக்ஸி சட்னி அரைக்கும்போது மேடையை விட்டு நடந்து போகும். அதை யாரும் பேசக் கூடாது.

நான் கட்டி எடுத்த சீட்டுப் பணத்தை என் வீட்டுக்காரர் என்னிடம் வாங்கி அவர் கையில் கொடுத்தார். நான் தெளிவாகச் சொன்னேன்.

"அண்ணா, எனக்குக் கலர் வேணாம். கறுப்பு வந்தா போதும். எழுத்து தெளிவா இருக்கணும். பேப்பர் சிக்கினா நானே எடுக்கிற மாதிரி இருக்கணும்."

அவர் என்னைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா மாப்ள, உன் சம்சாரம் இன்னும் பிளாக் அண்டு ஒயிட் காலத்துலயே கீது!"

என் வீட்டுக்காரரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "நீங்க பார்த்து வாங்கியாங்க மாமா" என்றார். என் பணம், என் வேலை. பார்த்து வாங்குவது மட்டும் அவர்.

வந்தது கலர் இங்க்ஜெட். வெள்ளையாக, லேசாக, பொம்மை மாதிரி இருந்தது. பில் கிடையாது, தெரிந்தவர் மூலமாக வாங்கினாராம். முதல் வேலையாக ஒரு ரோஜாப்பூ படத்தை அடித்துக் காட்டினார். மாமியார் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. நாத்தனார், "எப்படி கீது பாரு, நிஜப் பூவாட்டம்" என்று பெருமைப்பட்டுக்கொண்டாள். அந்தப் பூவை அடிப்பதற்குள் பாதி இங்க் போய்விட்டது என்பது அவர்கள் பஸ் ஏறிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த மெஷினோடு நான் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. இரண்டு நாள் அடிக்காமல் விட்டால் இங்க் காய்ந்துபோய் கோடு கோடாக வரும். சுத்தம் செய்ய ஒரு பட்டனை அமுக்க வேண்டும். அமுக்கினால் அதுவே இங்க்கைக் குடித்துவிட்டு, தீர்ந்துவிட்டது, வேறு வாங்கு என்று லைட்டை மினுக்கும். சிவப்பு தீர்ந்தால் கறுப்பும் அடிக்காது. நான் சிவப்பில் எதையும் அடிக்கவே இல்லை. பேப்பர் வைக்கிற இடம் மேலே ஆவென்று திறந்திருக்கும். அப்போது அறுவடைக் காலம், தெருவெல்லாம் நெல் தூசி. அது முழுக்க உள்ளே போனது. ஒரு தடவை பல்லி போனது. அதை வெளியே எடுக்க நான் பட்டது எனக்கும் பல்லிக்கும்தான் தெரியும்.

இருந்தாலும் எழுத்து நன்றாக விழுந்தது. அதைப் பொய் சொல்ல மாட்டேன். ராசிக் கட்டம், அம்சக் கட்டம், தசா புத்தி எல்லாம் அச்சாபீசில் அடித்த மாதிரி வந்தன. ஒரு மாதம் இப்படி வீட்டிலேயே அடித்துப் பழகிய பிறகு, முதல் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு ஜோசியரிடம் போனேன்.

மானாம்பதியிலிருந்து வந்த ஒரு குடும்பம் அங்கே உட்கார்ந்திருந்தது. அப்பா, அம்மா, கல்யாணத்துக்கு இருக்கிற பெண். அவளுடைய ஜாதகம்தான் அது. அன்றைக்கு நல்ல நாள். வாங்கிக்கொண்டு நேராக மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதாக இருந்தார்கள். பழம், வெற்றிலை பாக்கு எல்லாம் ஒரு கூடையில் தயாராக இருந்தது.

ஜோசியர் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். "பரவாயில்லையே, சுத்தமா இருக்கு" என்றார். சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். கிண்ணத்தில் குழைத்து வைத்திருந்த மஞ்சளை விரலால் தொட்டு முதல் தாளின் மூலையில் வைத்துத் தேய்த்தார்.

எங்கள் பக்கம் மட்டுமல்ல, எந்தப் பக்கமும் அப்படித்தான். ஜாதகமோ பத்திரிகையோ, மங்கலமான தாள் எதுவானாலும் நாலு மூலையிலும் மஞ்சள் வைக்காமல் கை மாற்ற மாட்டார்கள். பேனாவால் எழுதிய காலத்தில் வைத்தார்கள். டைப்ரைட்டர் காலத்தில் வைத்தார்கள். ஜெராக்ஸ் கடை பிரிண்டில் வைத்தார்கள். எதற்கும் ஒன்றும் ஆகவில்லை.

இதற்கு ஆனது. மேல் மூலையில் பெண்ணின் பெயரும் நட்சத்திரமும் இருந்தன. ஈர மஞ்சள் பட்டதும் எழுத்து ஊறியது. ஊறி, கறுப்பு பரவியது. மஞ்சள் பச்சையாகி, பச்சை கருத்து, பெண்ணின் பெயர் இருந்த இடத்தில் புகை பிடித்த மாதிரி ஒரு கறை. ஜோசியர் பதறிப்போய்த் துடைத்தார். துடைத்ததில் கறுப்பு ராசிக் கட்டத்துக்குள் இறங்கியது.

பெண்ணின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யய்யோ, மஞ்சள் கருத்துப் பூடுச்சே!"

அப்பா எழுந்துவிட்டார். "இன்னா சாமி இது? இத எப்படி மாப்ள வூட்டுக்கு எடுத்துக்கினு போறது? அவங்க கையில குடுத்தா இன்னா நினைப்பாங்க?"

அந்தப் பெண் கறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜோசியர் விரலைத் தூக்கிப் பார்த்தார். கறுப்பு. அதை என் முகத்துக்கு நேராக நீட்டினார். "இன்னா மையில அடிச்சாந்த? நல்ல காரியத்துக்கு வந்தவங்க முன்னாடி என் மானத்தை வாங்கறியா? அறிவு வேணாம்?" வெளியே காத்திருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அவர் நிறுத்தவில்லை. வீட்டில் சும்மா இருக்க முடியாதவர்கள் எல்லாம் கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவதாகச் சொன்னார். அதையும் நின்று கேட்டேன்.

"ஐயா, வேற மெஷின்ல அடிச்சாந்து காட்டறேன்" என்றேன்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள காட்டு. என் கையால மஞ்சள் வச்சுப் பார்ப்பேன். அப்படியே இருந்தா பேசலாம். இல்லன்னா பஸ் ஸ்டாண்டு கடைக்கே குடுத்துடுவேன், நீயும் அங்கயே போய் உட்காந்துக்கோ."

வீட்டுக்கு வந்து நாத்தனார் வீட்டுக்குப் போன் போட்டேன். பிரிண்டர் வாங்கி வந்த அண்ணனே எடுத்தார்.

"மஞ்சளா? மஞ்சள் எதுக்கும்மா வைக்கறாங்க அதுல?"

"உங்க ஜாதகத்துல வைக்கல?"

"அது அந்தக் காலம். லேமினேஷன் பண்ணிக் குடு."

"லேமினேஷன் மேல மஞ்சள் எப்படி நிக்கும்?"

"நிக்கலன்னா விடு. அவங்களுக்குச் சொல்லிப் புரிய வை. தண்ணி படக் கூடாதுன்னு சொல்லு."

"ஜோசியருக்கு நான் போய் மஞ்சள் வைக்காதீங்கன்னு சொல்லணும், அப்படித்தான?"

"உனக்கு யூஸ் பண்ணத் தெரியல. அடிச்ச உடனே குடுத்திருப்ப. ஒரு நாள் காய வையி."

காய வைத்தேன். ஒரு பகல் முழுக்க ஃபேனுக்கு அடியில் வைத்தேன். மொட்டை மாடியில் வெயிலில் கல் வைத்துக் காய வைத்தேன். மஞ்சளைத் தொட்டு வைத்ததும் பழையபடி கரைந்தது. அன்று சாயந்திரம் நாத்தனார் போன் செய்து, "மனுஷன் ஆசையா அலைஞ்சு வாங்கிக் குடுத்தாரு, ஒரு நன்றி கீதா உனக்கு?" என்றாள். போனை வைத்துவிட்டேன். பதில் சொல்லியிருந்தால் இரண்டு குடும்பமும் பிரிந்திருக்கும்.

மறுநாள் காஞ்சிபுரம் போவது என்று முடிவு செய்தேன். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "மாமா மனசு கஷ்டப்படும்" என்று வரவில்லை. என் மனசு எதில் சேர்த்தி என்று தெரியவில்லை. ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் மஞ்சளைக் கெட்டியாகக் குழைத்து மூடி, பையில் போட்டுக்கொண்டேன். ஜாதகத்தை ஃபிளாப்பியில் ஏற்றிக்கொண்டேன். பஸ் ஏறினேன்.

முதல் கடையில் கண்ணாடிக் கதவு, ஏசி. டை கட்டிய ஒருவன் வந்தான். "ஹோம் யூஸா மேடம்?" என்று ஒரு வெள்ளைக்காரக் குழந்தையின் படத்தை அடித்துக் காட்டினான். குழந்தை நன்றாகத்தான் இருந்தது. நான் டப்பாவைத் திறந்து குழந்தையின் நெற்றிக்கு மேல் மூலையில் மஞ்சள் வைத்தேன். தலைமுடி கரைந்து கண்ணுக்கு வந்தது.

"மேடம்! இன்னா மேடம் பண்றீங்க?"

"டெஸ்ட் பண்றேன். கரையாதது எது?"

"யாரும் பிரிண்ட் மேல மஞ்சள் வைக்க மாட்டாங்க மேடம்."

"நீ கல்யாணம் பண்ணிட்டியா? உன் பத்திரிகையில வச்சாங்களா இல்லையா?"

"அது பிரஸ்ல அடிச்சது மேடம்."

"அப்ப உனக்கும் தெரியுது இல்ல?"

அவன் டேபிளில் விழுந்த மஞ்சளைத் துடைப்பதிலேயே இருந்தான். அதே வகையில் விலை கூடின இன்னொன்றைக் காட்டினான். அதுவும் கரைந்தது. மூன்றாவதை அவன் ஆன் செய்யவே இல்லை.

இரண்டாவது கடை ஒரு மாடியில் இருந்தது. ஆபீஸ்களுக்கு மெஷின் விற்கிற, ரிப்பேர் பார்க்கிற இடம். வயதான ஒருவர் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் அங்கிருந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டு, "டேய், இந்தம்மா மஞ்சள் டப்பா எடுத்துக்கினு பிரிண்டரைப் பொண்ணு பார்க்க வந்துகீது" என்றார். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடிக்கிற வரை நின்றேன்.

முதலில் டாட் மேட்ரிக்ஸ். மஞ்சள் வைத்ததற்கு அசையவில்லை. ஆனால் தமிழ் எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி புள்ளி புள்ளியாக விழுந்தது. போதாததற்கு அது போட்ட சத்தத்தில் பக்கத்து ரூமிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். ஜாதகம் வயசானவர்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிற தாள், அதனால் ஒதுக்கினேன்.

அடுத்தது மூலையில் இருந்த லேசர். ஒரு கம்பெனி புதிது வாங்கிக்கொண்டு கழித்துவிட்ட பழைய மெஷின். கலர் கிடையாது. பெட்டி மாதிரி கனம். பேப்பர் அடியில் டிராயருக்குள் இருந்தது. தூசியும் போகாது, பல்லியும் போகாது. தாள் சூடாக வந்தது. மஞ்சளைத் தொட்டு மேல் மூலையில், எழுத்தின் மேலேயே வைத்துத் தேய்த்தேன். எழுத்து அப்படியே இருந்தது. நகத்தால் சுரண்டினேன். இருந்தது. மடித்துப் பிரித்தேன். இருந்தது.

"இது வூட்டுக்கு வேணாம்மா. ஆபீஸ் மெஷின். வூட்டுக்குச் சின்னதா கலர்ல ஒண்ணு வாங்கிக்கினு போ, பசங்க படம் போடும்" என்றார் அவர்.

"படம் போட வரல. பேப்பர் சிக்கினா எப்படி எடுக்கறது, காட்டுங்க."

"சிக்காது."

"சிக்காத மெஷினுக்கு எதுக்கு இந்தக் கதவு?"

மெக்கானிக் கதவைத் திறந்து காட்டினான். நான் வேண்டுமென்றே ஒரு தாளை மடித்து உள்ளே விட்டுச் சிக்க வைத்து, நானே எடுத்தேன். அடித்துக்கொண்டிருக்கும்போதே சுவிட்சை அணைக்கச் சொன்னேன். எங்கள் ஊரில் கரண்ட் சொல்லிக்கொண்டு போகாது. திரும்பப் போட்டதும் பாதித் தாளைத் தள்ளிவிட்டு ஒழுங்காக நின்றது. டோனர் என்கிற மைப்பொடி தீர்ந்தால் யார் நிரப்புவார்கள் என்று கேட்டேன். "நாங்கதான்" என்றார். எத்தனை நாளில் என்று கேட்டேன். அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னாம்மா, இவ்ளோ பேஜார் பண்ற? ஆபீஸ்காரங்களே இவ்ளோ கேட்டது இல்ல."

"அவங்களுக்குக் கெட்டுப்போனா வேற வாங்கிக் குடுப்பாங்க. எனக்கு யார் குடுப்பாங்க?"

பில் போட்டு வாங்கினேன். ஏற்கெனவே கொடுத்து ஏமாந்த காசுக்கு மேலேயே ஆனது. அம்மா வீட்டில் கடனாக வாங்கி வந்திருந்த பணத்தைக் கொடுத்தேன். பஸ்ஸில் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டான். மடியில் வைத்துக்கொண்டால்கூடவா என்று கேட்டதற்கு, "உன் மடி இன்னா பஸ்ஸுக்கு வெளியவா கீது?" என்றான். உத்திரமேரூரில் இறங்கும்போது என் கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன.

வீட்டில் ஆன் செய்ததும் டியூப்லைட் ஒரு தடவை மங்கி எழுந்தது. டி.வி.யில் படம் சுருங்கியது. மாமனார், "இன்னாத்த எடுத்தாந்து வச்சிக்கிற?" என்று கத்தினார். அன்றிலிருந்து சீரியல் ஓடும்போது பிரிண்ட் கிடையாது, பிரிண்ட் ஓடும்போது சீரியல் கிடையாது. இங்க்ஜெட்டைப் பரண் மேல் தூக்கிப் போட்டேன். அண்ணன் வந்தபோது அதைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டில் சாப்பிடாமல் போனார். போகட்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் ஜோசியரிடம் போனேன். மானாம்பதிப் பெண்ணின் ஜாதகத்தையே மறுபடி அடித்துக் கொண்டுபோனேன். அன்றும் கூட்டம். அவர் என்னைக் கடைசியாகத்தான் கூப்பிட்டார். மஞ்சளைத் தொட்டு ஒரு மூலையில் வைத்தார். பொறுத்துப் பார்த்தார். இன்னும் ஈரமாகத் தொட்டு, பெயர் மேலேயே இழுத்தார். கட்டத்தின் மேல் இழுத்தார். விரலைத் திருப்பிப் பார்த்தார். மஞ்சள்தான் இருந்தது.

"யார் பார்த்து வாங்கினது? வீட்டுக்காரரா?"

"நான்தான்."

"அது சரி. கூட யார் வந்தா?"

"மஞ்சள் டப்பா வந்தது."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் வரவில்லை. மானாம்பதிக்காரர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டேன். அந்த நாளைத் தள்ளிப் போட்டிருப்பதாகவும், ஜாதகத்துக்காகக் காத்திருப்பதாகவும் சொன்னார். இன்னொரு பிரதியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"இது அந்தப் பொண்ணுக்கு. காசு வேணாம்."

"நானே அதைத்தான் சொல்ல நினைச்சேன்" என்றார். அவர் நினைத்திருக்க மாட்டார்.

அலமாரியைத் திறந்து, குறித்து வைத்திருந்த பிறந்த தேதி, நேரச் சீட்டுகளை ஒரு கட்டாக எடுத்து என் பக்கம் தள்ளினார். "எல்லாம் அடுத்த முகூர்த்தத்துக்குள்ள வேணும். முன்ன சொன்ன ரேட்டுதான?"

அன்றைக்கு நாலு பேர் முன்னால் கத்தியதற்கு ஒரு வார்த்தை சொல்வார் என்று கொஞ்சம் நின்றேன். சொல்லவில்லை. இன்று வரைக்கும் சொன்னதில்லை.

"இல்ல. இது லேசர். ரேட்டு கூட" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். மஞ்சள் வைத்த தாளைப் பார்த்தார். "சரி" என்றார். கட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.